முதல் மாரத்தான், முதல் நிதி திரட்டல்: சென்னையா, மும்பையா, லண்டனா?

மாரத்தான் ஓட வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் பலர் இப்போது ஒரு காரணத்தோடு வருகிறார்கள். அப்பாவுக்கு வந்த புற்றுநோய், அக்கா மகளுக்கு இருக்கும் நீரிழிவு, படித்த ஊர்ப் பள்ளியில் இல்லாத கழிப்பறை. 42.195 கிலோமீட்டரை ஓடிக் கடப்பதோடு, அதைச் சொல்லி நாலு பேரிடம் பணம் திரட்டி உரிய இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அடுத்து எழும் கேள்வி, எந்த மாரத்தான்? சென்னையில் புதிதாக ஓட வருகிறவர்களின் பேச்சில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: ஜனவரி தொடக்கத்தில் சென்னை, ஜனவரி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மும்பை, ஏப்ரல் கடைசியில் லண்டன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வாழ்ந்துகொண்டு, இங்கே உள்ளவர்களிடம் பணம் கேட்கப் போகிறவர் முதல் மாரத்தானைச் சென்னையில் ஓட வேண்டும். மற்ற இரண்டும் குறைந்தவை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. யாரிடம் பணம் கேட்கப் போகிறோம், அது எவ்வளவு சேதாரத்தோடு போய்ச் சேரும், நம் ஊர் வானிலையில் எந்த மாதங்களில் பயிற்சி செய்யப் போகிறோம் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படித்தான் வருகிறது.

லண்டனில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மனத்தை மிகவும் இழுப்பது அதுதான். கிறிஸ் பிராஷரும் ஜான் டிஸ்லியும் 1981இல் தொடங்கிய இந்த ஓட்டம், ஒரே நாளில் உலகிலேயே அதிகம் நிதி திரட்டும் ஆண்டு நிகழ்வாக வளர்ந்திருக்கிறது. 2025இல் 56 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஓடி முடித்தார்கள்; திரண்ட தொகை 8 கோடியே 73 லட்சம் பவுண்டு. பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் என்ற முதியவர், கடவுச்சீட்டின்படி 89 வயதில் தன் முதல் மாரத்தானை ஓடியதும் இங்கேதான், 2000ஆம் ஆண்டில். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்காகப் பணியாற்றும் ‘பிளிஸ்’ என்ற அமைப்புக்காக அவர் ஓடினார். கிரீனிச் பகுதியில் கிளம்பி, பாதித் தூரத்தில் டவர் பாலத்தைக் கடந்து, பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அருகே முடியும் அந்தத் தடத்தில் வழி நெடுக மக்கள் நின்று, நம் சட்டையில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஓடுகிறவர் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. 2026ஆம் ஆண்டு ஓட்டத்தின் குலுக்கலுக்கு விண்ணப்பித்தவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். குலுக்கலில் பெயர் வராவிட்டால் இன்னொரு வழி உண்டு. 1993இலிருந்து அறக்கட்டளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்களை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்கின்றன. ‘இவ்வளவு திரட்டித் தருகிறேன்’ என்று உறுதியளிப்பவருக்கு அந்த இடத்தைத் தருகின்றன. அந்த உறுதித்தொகை பெரும்பாலும் 2,000 பவுண்டு அல்லது அதற்கு மேல். நம் கணக்கில் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். அந்த இடத்துக்கு அறக்கட்டளை கொடுத்த சில நூறு பவுண்டு, நீங்கள் திரட்டும் தொகையிலிருந்துதான் முதலில் ஈடாகும்.

இங்கிலாந்தில் வரி கட்டுகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. அங்கே ‘கிஃப்ட் எய்டு’ என்ற திட்டத்தில், வரி செலுத்துகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் கூடுதலாக அறக்கட்டளைக்குத் தருகிறது. மதுரையில் இருக்கும் உங்கள் மாமாவும் அம்பத்தூரில் இருக்கும் அலுவலக நண்பரும் கொடுக்கும் பணத்துக்கு அந்தக் கூடுதல் கிடைக்காது. அவர்கள் ரூபாயைப் பவுண்டாக மாற்றி, கார்டு கட்டணமும் கட்டி, தாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு பிரிட்டிஷ் அமைப்புக்கு அனுப்ப வேண்டும். இந்திய வருமான வரியில் அதற்குக் கழிவும் இல்லை. உங்கள் கைச்செலவு தனி. விமான டிக்கெட், விசா, நாலைந்து இரவு தங்கல், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் குறையாது. அந்தத் தொகையையே நேரடியாகக் கொடுத்தால் என்னென்ன செய்யலாம் என்ற கேள்வியை, உங்களுக்குப் பணம் தரப்போகிறவர்களில் ஒருவராவது நிச்சயம் கேட்பார். அவரிடம் சொல்ல நேர்மையான பதில் ஒன்று வேண்டும். ‘பயணம் முழுக்க என் சொந்தச் செலவு, நீங்கள் தரும் பணத்தில் ஒரு ரூபாய்கூட அதற்குப் போகாது’ என்பதே அந்தப் பதிலாக இருக்க வேண்டும்.

லண்டனிலோ பர்மிங்காமிலோ வேலை செய்யும் தமிழர்களுக்கு என் பரிந்துரை தலைகீழாக மாறும். உங்களுடன் பணிபுரிகிறவர்கள் அங்கே வரி கட்டுகிறவர்கள். அறக்கட்டளைக்காக மாரத்தான் ஓடி அலுவலகத்தில் பணம் கேட்பது அவர்களுக்குப் பழகிப்போன வழக்கம். நீங்கள் லண்டனில்தான் ஓட வேண்டும்.

மும்பை வேறு வகை. 2004இல் தொடங்கிய இந்த ஓட்டம் இன்று உலகத் தடகள அமைப்பின் ‘கோல்டு லேபிள்’ என்ற தர அங்கீகாரம் பெற்றது. நிதி திரட்டும் ஏற்பாட்டை யுனைட்டெட் வே மும்பை என்ற அமைப்பு கவனித்துக்கொள்கிறது. இந்தியாவில் ஓட்டத்தையும் நன்கொடையையும் இவ்வளவு ஒழுங்காக இணைத்த நிகழ்வு வேறில்லை என்பது என் கருத்து. தொண்டு நிறுவனங்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கென்று இணையத்தில் தனிப் பக்கம் தொடங்கி, வந்த தொகையை எல்லோரும் பார்க்கும்படி திரட்டலாம். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைக் குழுவாக அனுப்பும். உங்கள் நிறுவனத்துக்கு மும்பையில் அலுவலகம் இருந்து, ஊழியர் திரட்டும் தொகைக்கு இணையான தொகையைத் தானும் போடும் வழக்கம் இருந்தால், தயங்காமல் மும்பைக்குப் போங்கள். நீங்கள் திரட்டும் ஒரு லட்சம் அங்கே இரண்டு லட்சமாகும்.

ஓட்டமாகப் பார்த்தால் முதல்முறை ஓடுகிறவரை மும்பை கொஞ்சம் சோதிக்கும். சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தின் எதிரே விடியும் முன்பே கிளம்பி, கடலின் மேல் பாந்த்ரா – வொர்லி பாலத்தில் ஓடுவது மறக்க முடியாத அனுபவம். ஆனால் கடைசிப் பகுதியில், கால்கள் ஓய்ந்துபோயிருக்கும் நேரத்தில், பெடர் ரோடு ஏற்றம் வருகிறது. வேகமாக ஓடுகிறவர்கள் வெயில் ஏறும் முன் அதைத் தாண்டிவிடுவார்கள். ஐந்தரை, ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் புதியவருக்கு அந்த ஏற்றம் நல்ல வெயிலில் வரும். மேம்பாலங்களைத் தவிர மேடே இல்லாத சென்னையில் பயிற்சி செய்தவரின் தொடைகள் அதற்குப் பழகியிருக்காது. பல்லாவரம் பக்கமோ பரங்கிமலைச் சரிவிலோ வாரம் ஒருமுறை ஏறி இறங்கிப் பழகினால் சமாளிக்கலாம்.

இனிச் சென்னை. ஓடுகிறவர்களே கூடி உருவாக்கிய ‘சென்னை ரன்னர்ஸ்’ குழுவினர் நடத்தும் ஓட்டம் இது. அண்மை ஆண்டுகளில் முதல்வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்காக நிதி திரட்டி வருகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இன்சுலின் வழங்கும் கோவை இதயங்கள் அறக்கட்டளைக்கு அது போகிறது. இந்த நோயைப் பற்றி நம்மிடம் தெளிவு குறைவு. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயைப் போலச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலோ மாத்திரையாலோ இதைச் சமாளிக்க முடியாது. உடல் இன்சுலினைச் சுரப்பதே நின்றுபோகிறது. ஒரு நாளைக்குப் பலமுறை ஊசி, பலமுறை விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதனை, வாழ்நாள் முழுக்க. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இது வந்தால், மருந்துச் செலவு அந்த வீட்டின் அரிசிச் செலவோடு போட்டியிடும். இந்தக் காரணத்தைச் சொல்லிப் பணம் கேட்டால் நம் ஊரில் கைவிரிப்பவர் குறைவு.

உங்களுக்கு வேறு நோக்கம் இருந்தால் அதற்காகவும் ஓடலாம். சாதாரணக் கட்டணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த அறக்கட்டளைக்குத் தனியாக நிதி திரட்டுவதை யாரும் தடுப்பதில்லை. இந்தச் சுதந்திரம் சென்னையின் பெரிய பலம். உறுதித்தொகை எதுவும் கிடையாது. ஐம்பதாயிரம் திரட்டினாலும் ஐந்து லட்சம் திரட்டினாலும் முழுவதும் போய்ச் சேரும். பணம் கொடுத்த அத்தை காமராஜர் சாலையில் வந்து நின்று கை தட்டவும் முடியும்.

பலர் கடைசியில் யோசிக்கும் பயிற்சிக் காலத்தை நான் முதலில் வைப்பேன். முழு மாரத்தானுக்கு 16 முதல் 20 வாரப் பயிற்சி வேண்டும். அதுவும் ஏற்கெனவே பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறவருக்கு. ஜனவரி முதல் வார ஓட்டத்துக்கு ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ கிளம்ப வேண்டும். நீண்ட தூரங்களான 24, 28, 30 கிலோமீட்டர் எல்லாம் நவம்பரிலும் டிசம்பரிலும் வரும். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் மாதங்கள் அவை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் நகரமே மூழ்கிக் கிடந்தபோது யாரும் ஓட்டத்தைப் பற்றி நினைக்கவில்லை; நினைக்கவும் கூடாது. ஆகவே சென்னைக்கும் மும்பைக்கும் அட்டவணை போடும்போது இரண்டு ஞாயிறுகள் மழையில் போய்விடும் என்று எழுதிவைத்துக்கொண்டே போடுங்கள். அக்டோபருக்குள் 21 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டால் பதற்றம் இருக்காது.

இந்த ஒரு விஷயத்தில் லண்டன் நம்மை வெல்கிறது. டிசம்பர் கடைசியில் தொடங்கினால் நீண்ட ஓட்டங்களில் பெரும்பகுதி ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில், சென்னையின் ஆண்டிலேயே நல்ல காலத்தில் அமையும். வெயில் கடுமையாகும் ஏப்ரலில் தூரத்தைக் குறைத்து ஓய்வெடுக்கும் கட்டம் வந்துவிடும். லண்டன் மாரத்தானின் வரலாற்றிலேயே வெப்பமான நாள் 2018இல், 24.1 டிகிரி. ஓடியவர்கள் தவித்துப் போனார்கள். சென்னையில் நமக்கு விடியற்காலையிலேயே அந்த அளவு இருக்கும், கூடவே கடல் ஈரமும். இங்கே பயிற்சி எடுத்தவருக்கு அங்கே ஓடுவது உடலளவில் எளிது.

ஆனாலும் முதல் மாரத்தானில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை: ஓடப்போகும் சாலையிலேயே, ஓடப்போகும் நேரத்திலேயே பயிற்சி செய்வது. சென்னையில் முழு மாரத்தான் அதிகாலை இருட்டில் நேப்பியர் பாலத்தருகே கிளம்பும். ஞாயிறுதோறும் அதே நேரத்தில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டக் குழுக்கள் கூடுகின்றன. மூன்றரைக்கு எழுந்து, இரண்டு வாழைப்பழமோ ஒரு தம்ளர் கேழ்வரகுக் கஞ்சியோ உள்ளே போய், திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடக்கும்போது காற்றில் உப்பு வாசம் வரும். கலங்கரை விளக்கத்தைத் தாண்டி மெரினாவின் நீளத்தை ஓடித் திரும்பும்போது விடிந்திருக்கும். கறுப்புப் பனியனில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்கும். நெற்றியைத் தடவினால் விரலில் நரநரவென்று உப்பு ஒட்டும். உடம்பிலிருந்து எவ்வளவு உப்பு போயிருக்கிறது என்பதை அப்போது கண்ணால் பார்க்கலாம்.

அந்த உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடி முடித்ததும் இளநீர் குடிப்பது நம் வழக்கம், நல்லதுதான். ஆனால் இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். அதனால் நாலைந்து மணி நேர ஓட்டத்தில் இளநீரையும் வெறும் தண்ணீரையும் மட்டும் நம்பக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து எடுத்துச் செல்லுங்கள். உப்பு போட்ட மோரும் உதவும். மெதுவாக ஓடுகிறவர்கள் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தால், ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் குழப்பமும் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடித்தால் போதும். சாப்பாட்டில், ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், ஓடுகிறவர்களுக்கென்று கடையில் விற்கும் சர்க்கரை ஜெல், எதுவானாலும் பயிற்சியிலேயே சாப்பிட்டுப் பழகியதை மட்டும் ஓட்ட நாளில் தொடுங்கள். பருத்திக் காலுறை வேண்டாம். நனைந்தால் கொப்புளம் போடும். தோல் உராயும் இடங்களில் வாசலின் தடவ மறக்காதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்களும் அட்டவணையைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதிகாலை நாலு மணி இருட்டில் தனியாக ஓடச் சொல்ல எனக்கு மனம் வராது. தெருநாய்களும் ஒரு காரணம். குழுவோடு ஓடும் வசதி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதே அவர்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம். சென்னையில் அந்த வசதி பரவலாக இருக்கிறது.

இன்னொரு தேர்வை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை: முழு மாரத்தான் ஓடாமலே இருப்பது. கோயம்புத்தூர் மாரத்தான் 2013இலிருந்து கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது. இப்போது டிசம்பரில் வருகிறது. அதிகபட்சத் தூரம் 21.1 கிலோமீட்டர். செப்டம்பர் வந்தும் பத்து கிலோமீட்டரை நிற்காமல் ஓட முடியாதவர் இந்த ஆண்டு கோவையில் அரை மாரத்தான் ஓடி நிதி திரட்டட்டும். பணம் கொடுப்பவர்களில் யாரும் 42 கிலோமீட்டர் ஓடினால்தான் தருவேன் என்று சொல்வதில்லை. சென்னையில் முழுத் தூரம் ஓடப்போகிறவருக்கும் கோவை நல்ல ஒத்திகை. ஓட்டத்துக்குச் சில வாரங்கள் முன்னால், குளிர்ந்த காற்றில், நெரிசலில் ஓடிப் பழகிவிடலாம். தொடர்ந்து ஓடுவதா, ஓட்டத்துக்கிடையே நடப்பதா என்றும் கேட்பார்கள். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே கடைப்பிடிக்கிறவர்கள், 35ஆவது கிலோமீட்டரில் பலரைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். புதியவருக்கு நான் சொல்வது அதைத்தான்.

பணம் திரட்டுவதிலும் சில நடைமுறைகள் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுக்கும் அறக்கட்டளைக்கு, நன்கொடை தருகிறவருக்கு வருமான வரி விலக்கு கிடைக்கச் செய்யும் பதிவு (80ஜி என்று அழைக்கப்படுவது) இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தரும் தொகையில் பாதிக்கு விலக்கு கிடைக்கும். புதிய முறையில் கிடையாது. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் எந்த முறையிலும் விலக்கு இல்லை. உங்கள் வங்கிக் கணக்கில் வாங்கி மொத்தமாக அனுப்பும் வேலையே வேண்டாம். அறக்கட்டளையின் கணக்கு எண்ணைக் கொடுங்கள், ரசீது கொடுத்தவர் பெயரிலேயே வரட்டும்.

வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தம்பி, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது உள்நாட்டு நன்கொடைதான். கனடாக் குடியுரிமை பெற்றுவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவு உள்ள அமைப்புகள் மட்டுமே, அதற்கென்று உள்ள கணக்கில், அதை வாங்க முடியும். பதிவு இல்லாத சிறிய அறக்கட்டளையின் கணக்கில் அந்தப் பணம் விழுந்தால் சிக்கல் அவர்களுக்குத்தான். அன்போடு செய்த உதவி அவர்களை அலைக்கழிக்கக் கூடாது. முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்போது கேட்பது? பதிவு செய்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வாழ்த்துகள் குவியும், பணம் வராது. நவம்பரில், 25 கிலோமீட்டரை முதன்முறை ஓடி முடித்த வாரத்தில் தொடங்குங்கள். குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள், பெரியவர்களை நேரில் பார்த்தோ தொலைபேசியிலோ கேளுங்கள். ஒரு குழந்தைக்கு ஒரு மாத இன்சுலினுக்கும் சோதனைப் பட்டைகளுக்கும் என்ன செலவாகிறது என்று அறக்கட்டளையிடம் கேட்டு, அந்தத் தொகையைச் சொல்லியே கேளுங்கள்: ‘ஒரு குழந்தைக்கு ஒரு மாதம் நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா, மாமா?’ ஓடி முடித்த மறுநாள் இன்னொரு முறை எல்லோருக்கும் எழுதுங்கள். அதுவரை தள்ளிப்போட்டவர்கள் அன்றுதான் அனுப்புவார்கள். பொங்கல் முடிந்ததும், திரண்ட மொத்தத் தொகையையும் அது போய்ச் சேர்ந்த விவரத்தையும் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ரசீதுக்குத் தேவையான பான் எண்களையும் அப்போதே வாங்கி அறக்கட்டளையிடம் சேர்த்துவிட்டால், மார்ச் மாத நெருக்கடியில் யாரும் யாரையும் துரத்த வேண்டியிருக்காது.